பங்குனிச் சென்னை: அருங்காட்சியகமும் மாடவீதியும்



வசந்த காலத்தில் சென்னையின் கலைகளை எப்படி அனுபவிப்பது என்பதே இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சென்னைக்கு வசந்தமா என்று உங்களில் சிலர் புன்னகைக்கலாம். நியாயமான புன்னகைதான். நம் இலக்கண நூல்கள் வகுத்த ஆறு பருவங்களில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். பங்குனி இன்னும் பின்பனியில்தான் கிடக்கிறது. நம் ஊர் வெயில் இலக்கணம் படித்ததில்லை. மாசிமகம் கழிந்ததுமே அது தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆனாலும் வேம்பு பூக்கிறது, புங்க மரம் துளிர்க்கிறது, மாலையில் கடற்காற்று வருகிறது, ஊர் தெருவுக்கு வருகிறது. பங்குனியும் சித்திரையும் சேர்ந்த அந்த இரண்டு மாதத்தைத்தான் இந்த நகரத்தின் வசந்தம் என்கிறேன். எழும்பூர் அருங்காட்சியகத்தையும் மயிலாப்பூர் மாடவீதியையும் ஒரே வாரத்தில் பார்க்காதவர், அந்த இரண்டையும் பாதிதான் பார்த்திருக்கிறார். இதுவே என் வாதம். அந்த வாரம் பங்குனியில் வருகிறது.

சென்னையின் கலைக்கு மார்கழி இசைவிழா இருக்கிறதே, அது போதாதா? இந்தக் கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம். மார்கழி நமக்குப் பழக்கமாகிவிட்டதால், அது ஏதோ ஆதி நாள் முதல் வந்த வழக்கம் என்று எண்ணுகிறோம். அதன் வயது ஒரு நூற்றாண்டுகூட இல்லை. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியது. அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. இசைவிழா டிசம்பரில் அமைந்ததற்கு ஒரு ராகமும் காரணமில்லை, ஒரு தாளமும் காரணமில்லை. அரசியல் மாநாட்டின் நாட்காட்டியே காரணம். ஆரம்ப ஆண்டுகளில் அகாடமியே டிசம்பரோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை. நாட்டியத்தைச் சபை மேடைக்குக் கொண்டுவந்த புகழ்பெற்ற நிகழ்ச்சி எது? ‘கல்யாணியின் புதல்விகள்’ என்று அறியப்பட்ட ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் அகாடமியில் ஆடியது. அது எப்போது நடந்தது? 1931ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். மார்கழியை நான் குறைத்துப் பேசவில்லை. இத்தனை கச்சேரிகளை ஒரே மாதத்தில் கேட்க வேறு எந்த ஊரிலும் வழியில்லை. ஆனால் மார்கழி நாற்காலியின் பருவம். கூரைக்குக் கீழே உட்கார்ந்து கேட்பவர்களுக்கான பருவம். நம் கலைகளில் பெரும்பகுதி நாற்காலிக்காகப் பிறந்ததே இல்லை.

அப்படியானால் எதற்காகப் பிறந்தன? தமிழ் நகரங்களின் பழைய விழாக்களைப் பாருங்கள். புகார் நகரத்தில் இந்திர விழா எப்போது? சித்திரைத் திங்களில். அந்த விழா இருபத்தெட்டு நாள் நடந்ததாக மணிமேகலை சொல்கிறது. மயிலாப்பூருக்கு வாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தை நினைத்துப் பாருங்கள். சிவநேசரின் மகள் பாம்பு தீண்டி இறந்துவிட்டாள். அவள் எலும்பும் சாம்பலும் ஒரு குடத்தில் இருக்கின்றன. போன உயிரைத் திரும்ப அழைக்க வந்தவர் என்ன பாடியிருக்கலாம்? நிலையாமையைப் பாடியிருக்கலாம், வீடுபேற்றைப் பாடியிருக்கலாம். சம்பந்தரோ மயிலாப்பூரின் ஆண்டு விழாக்களைப் பாட்டுக்குப் பாட்டு அடுக்குகிறார். இதைப் பார்க்காமலா போகிறாய், இதையும் பார்க்காமலா போகிறாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். ஐப்பசி ஓணம் வருகிறது, கார்த்திகை விளக்கு வருகிறது, தைப்பூசம் வருகிறது, பங்குனி உத்திரமும் வருகிறது. ஓர் ஊரில் உயிரோடு இருப்பதற்கு அந்த ஊரின் விழாக்களே போதிய காரணம் என்று ஒரு கவிஞர் வாதாடுகிறார்! நகரத்துக் கலைவாழ்வைப் பற்றி இதைவிடத் துணிச்சலான வாதத்தை நான் அறியேன். அந்தக் கதையைப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் மயிலாப்பூரில் இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள்.

இப்போது எழும்பூருக்குப் போவோம். பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்பர் என்ற மருத்துவர். நாட்டின் பழைய அருங்காட்சியகங்களில் கொல்கத்தாவுக்கு அடுத்தது இதுதான். பள்ளிப் பருவத்தில் திமிங்கில எலும்பைப் பார்க்க வந்ததோடு பலருக்கு அந்த இடம் முடிந்துபோயிற்று. அது பெரிய இழப்பு. அமராவதிச் சிற்பங்களுக்கே ஒரு பகல் வேண்டும். ஆனால் இன்றைக்கு உங்களை நேரே படிமக் கூடத்துக்கு அழைக்கிறேன். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் அங்கே நிற்கின்றன. திருவெண்காட்டு அர்த்தநாரி நிற்கிறார். திருவாலங்காட்டு நடராசர் ஆடுகிறார். இந்தியாவுக்கே வராத பிரெஞ்சுச் சிற்பி ரொதான், அந்த நடராசரின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்த பிறகு 1921இல் அது அச்சாயிற்று. புகைப்படம் பார்த்த ரொதானுக்கு அவ்வளவு கிடைத்தது. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய நமக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும்?

அந்தக் கூடத்தில் நிற்கும்போது முகத்தைப் பாருங்கள், கையின் வளைவைப் பாருங்கள், இடையின் நெளிவைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் குனிந்து பீடத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் பார்க்காத இடம் அதுதான். பல படிமங்களின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். அவை எதற்கு? கழியையும் கயிற்றையும் செருகிக் கட்டுவதற்கு. எதற்காகக் கட்ட வேண்டும்? தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் போவதற்கு. கருவறையில் இருக்கும் கல் மூலவர் அசையமாட்டார். அசைவதற்கென்றே வார்க்கப்பட்டது உலாத் திருமேனி. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூளையில் மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிய அந்தச் சிற்பிக்கு, தன் படைப்பு எங்கே பார்க்கப்படும் என்பது தெரியும். பந்த வெளிச்சத்தில், ஆட்களின் தோளில், ஆடி ஆடி, நெருங்கி வந்து விலகிப் போகும்போது பார்க்கப்படும் என்று தெரியும். அப்படிப் பிறந்த ஒன்றை இன்று அசையாத விளக்கின் கீழே, அசையாத மேடையில் வைத்துப் பார்க்கிறோம்.

அப்படியானால் அருங்காட்சியகம் தெய்வங்களுக்குச் சிறை என்று சொல்பவர்கள் சரிதானா? அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். இந்தப் படிமங்களில் பல மண்ணுக்கடியிலிருந்து வந்தவை. ஆபத்துக் காலத்தில் யாரோ புதைத்தார்கள். பல நூற்றாண்டு கழித்து யாரோ தோண்டும்போது கிடைத்தன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசிடம் வந்து சேர்ந்தன. அருங்காட்சியகம் இல்லையென்றால் அவற்றில் எத்தனை உருக்கப்பட்டிருக்குமோ, எத்தனை கப்பலேறியிருக்குமோ! இன்னொன்றும் உண்டு. கோயில் உலாவில் நாம் பார்ப்பது பட்டு, பூமாலை, நகை, நடுவே ஒரு முகம். சிற்பி வடித்த தோளும் மார்பும் காலும் அலங்காரத்துக்குள் போய்விடுகின்றன. முதுகைப் பார்க்கும் பேச்சே இல்லை. எழும்பூரில் சுற்றி வந்து பின்பக்கம் பார்க்கலாம். சடையின் முடிச்சு, முதுகின் பள்ளம், ஆடையின் கொசுவம், எல்லாம் முன்பக்கத்துக்குக் குறையாத அக்கறையோடு முடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உருவம் முழுதாகத் தெரிகிற இடத்தில் அசைவு இல்லை. அசைவு இருக்கிற இடத்தில் உருவம் முழுதாகத் தெரிவதில்லை. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன்.

வாருங்கள், மயிலாப்பூருக்கு. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாள். மூன்றாம் நாள் விடியலில் அதிகார நந்தி. ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம். ஏழாம் நாள் காலை தேர். எட்டாம் நாள் பிற்பகல் அறுபத்து மூவர். அன்று மாடவீதிகளில் என்ன நடக்கிறது? ஒரு நூல் நடந்து வருகிறது! பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய நாயன்மார்கள், செப்புத் திருமேனிகளாக, பல்லக்குப் பல்லக்காக வருகிறார்கள். வேடர் கண்ணப்பர் வருகிறார். குயவர் திருநீலகண்டர் வருகிறார். மீனவர் அதிபத்தர் வருகிறார். மயிலாப்பூரிலேயே பிறந்த வாயிலார் தம் சொந்தத் தெருவில் வருகிறார். காரைக்கால் அம்மையார் வருகிறார். அம்மையார் பாடிய தலம் எது? திருவாலங்காடு. எழும்பூரில் நாம் பார்த்த நடராசர் எந்த ஊரிலிருந்து வந்தவர்? அதே திருவாலங்காடு. ஒரே வாரத்தில் ஆடியவரை எழும்பூரிலும் பாடியவரை மயிலாப்பூரிலும் பார்க்க முடிகிற நகரம் இது. இந்த இரண்டையும் இணைத்துச் சொல்லும் ஒரு பலகையாவது நம் ஊரில் எங்காவது இருக்க வேண்டாமா?

பல்லக்கும் வாகனமும் சும்மா நகர்வதில்லை என்பதையும் கவனியுங்கள். சீர்பாதம் தாங்குவோரின் தோள்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. கோயில் வாசலில் ஒரு நடை, வீதி திரும்பும்போது ஒரு நடை. மேலே இருப்பவர் உலோகம். ஆனால் மாலை அசைகிறது, குடை அசைகிறது, விளக்கின் நிழல் அந்த முகத்தில் ஏறி இறங்குகிறது. எழும்பூரில் இடையின் நெளிவை நினைவில் வாங்கிக்கொண்டு வந்தவருக்கு, அந்த நெளிவு எதற்காக என்பது இங்கே புரிந்துவிடும்.

அசைவுக்கு அடுத்தது ஓசை. புறப்பாட்டின்போது நாகசுரத்தில் மல்லாரி கேட்கிறது. கம்பீர நாட்டையில், சாகித்தியம் இல்லாமல், தாளக் கணக்கையே உடம்பாகக் கொண்ட இசை அது. தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி என்று வகைகளும் உண்டு. பழகிய காதுக்கு, கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடும். சாமி நிற்கும் இடங்களில் ராக ஆலாபனை நீளும். நாகசுரத்தைச் சபையில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டுவிட்டு, ‘காதைப் பிளக்கிறது’ என்று சொல்பவர்களை எல்லோரும் கண்டிருப்போம். அது வாத்தியத்தின் குற்றமா, கூரையின் குற்றமா? திறந்த வெளியில், நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும் என்று செய்த கருவி அது. பழைய திமிரி நாகசுரம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில், நரசிங்கம்பேட்டை ஆசாரியின் கைவண்ணத்தில், சுருதி தாழ்ந்த நீளமான பாரி நாகசுரம் எழுந்தது. மேடைக்கு ஏற்ற குழைவு அதனால் கிடைத்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு வாத்தியம் தெருவிலிருந்து மேடைக்குப் போக எவ்வளவு மாற வேண்டியிருந்தது என்பதை உணர, அதைத் தெருவிலும் ஒருமுறை கேட்டாக வேண்டும். மேளத்திலிருந்து இருபதடி தள்ளி, பக்கவாட்டில் நின்று கேளுங்கள். தவிலுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். அது உங்கள் நன்மைக்காகச் சொல்வது.

இனி மறுப்புகள். ‘இது பக்தி; இதைப் போய்க் கலை என்று சொல்லி வேடிக்கை பார்ப்பதா?’ என்று பக்தர் கேட்கலாம். ‘இது மதம், எனக்கு இங்கே என்ன வேலை?’ என்று நம்பிக்கை இல்லாதவர் கேட்கலாம். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். வார்த்த சிற்பியும், ஊதும் வித்துவானும், தோள் கொடுப்பவரும், பூக்கட்டுபவரும், தேர்க்கட்டை போடுபவரும் தத்தம் தொழிலின் உச்சத்தில் நின்று ஒரு காரியம் செய்கிறார்கள். அதைக் கவனித்துப் பார்ப்பது பக்திக்குக் குறைவும் இல்லை, பகுத்தறிவுக்கு இழுக்கும் இல்லை. கவனிக்காமல் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போவதுதான் இரண்டுக்கும் இழுக்கு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ‘தெரு எல்லோருக்கும் பொது என்கிறீர்களே, எந்தத் தெரு, யாருக்குப் பொது?’ இந்தக் கேள்வியைத் தட்டிவிட்டுப் போகக் கூடாது. உலா போவது நான்கு மாடவீதிகளில். அதற்கு அப்பால் இருந்த சேரிக்கும் குப்பத்துக்கும் அது போகவில்லை. அறுபத்து மூவரில் திருநாளைப்போவார், நாம் நந்தனார் என்று அழைப்பவர், பல்லக்கில் வருகிறார். அவர் குலத்து மக்கள் கோயிலுக்குள் போகச் சென்னை மாகாணத்தில் 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வேண்டியிருந்தது. பல்லக்கில் இடம் கிடைத்தவருக்கும் அவருடைய மக்களுக்கு மறுக்கப்பட்ட வாசலுக்கும் நடுவே எத்தனை நூற்றாண்டு! அதே 1947இல்தான் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் வந்தது. வேண்டிய சட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த முறையோடு சேர்ந்து, சாமிக்கு முன்னே ஆடி வந்த பெண்களும் உலாவிலிருந்து மறைந்தார்கள். ஆட்டம் மேடைக்குப் போயிற்று; ஆடிய குடும்பங்களில் பலவற்றுக்கு மேடை கிடைக்கவில்லை. ஆக, பங்குனித் தெருவைக் குறையற்ற பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் யார் இல்லை என்பதையும் பார்க்கக் கற்றுக்கொள்வது பார்வையின் ஒரு பகுதி. பறை எங்கே, ஏன் இல்லை என்று கேளுங்கள். 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மக்களோடு சேர்ந்து சிலர் கடற்கரையில் ஒரு கலைவிழா தொடங்கி, கர்நாடக சங்கீதத்தையும் பறையாட்டத்தையும் ஒரே மணலில் வைத்தார்கள். அந்த முயற்சி எழுப்பிய வாதங்களே அது தேவைப்பட்டது என்பதற்குச் சான்று. எழும்பூரில் நுழைவுச்சீட்டுக்குக் காசு கேட்பதைத் தவிர, யாரையும் யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. அருங்காட்சியகத்தின் பெருமைகளில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயில், கூட்டம் என்ற மறுப்பு இருக்கிறது. விழாவின் நேர அட்டவணையே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. அதிகார நந்தி விடியலில், ரிஷபம் இரவில். பெரும்பாலான நாட்களில் நடுப்பகலில் சாமிகூட வெளியே வருவதில்லை. நீங்கள் ஏன் வர வேண்டும்? அந்த நேரம் எழும்பூருக்கு. அறுபத்து மூவர் நாள் கூட்டம் மட்டும் உண்மையிலேயே பெரிது. நெருக்கம் ஆகாதவர்களும் முதியவர்களும் முதல் நான்கு நாள் மாலைகளில் போகலாம். அப்போது வீதியில் நின்று நிதானமாகக் கேட்க இடம் இருக்கும்.

வசந்தத்தின் மற்ற வரவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராமநவமியை ஒட்டி மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்திலும் வேறு பந்தல்களிலும் கச்சேரிகள் நடக்கும். மார்கழியில் சீட்டுக் கிடைக்காத பாடகரை அங்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்துக்கும் இதுதான் பருவம். இரவெல்லாம் கூத்து, கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன். 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் அந்தக் கூத்துதான் அவருக்குப் பெரிய பாடம். புதிய கலை வேண்டுமென்பவர்களுக்கு, 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அங்கே போகும் வழியில், உழைப்பாளர் சிலைக்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் அந்த நான்கு உடல்களும், சோழச் சிற்பியின் உலோகத்துக்குப் பிறகு இந்த நகரம் உலோகத்தில் சொன்ன மிக நல்ல வார்த்தை என்பது என் கருத்து.

நிறைவாக, பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். அருங்காட்சியக வளாகத்துக்குள்ளேயே 1896ஆம் ஆண்டு முதல் ஓர் அருமையான அரைவட்ட அரங்கம் இருக்கிறது. பங்குனி விழாவின் அந்தப் பத்து நாட்களில் மட்டும் படிமக் கூடத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள். ஒவ்வொரு மாலையும் அந்த அரங்கத்துக்கு வெளியே, மரத்தடியில், ஒரு மணி நேரம் நாகசுரம் வையுங்கள். உள்ளே வேண்டாம், காரணம் சொல்லிவிட்டேன். திருவாலங்காட்டு நடராசர் அருகே, காரைக்கால் அம்மையார் மயிலாப்பூரில் எந்த நாள், எந்த நேரம் உலா வருகிறார் என்று ஒரு பலகை வையுங்கள். படிமத்தின் பின்புறத்தையும் பீடத்துத் துளைகளையும் காட்டி விளக்க, கலைக்கல்லூரி மாணவர்களைக் கூலி கொடுத்து அமர்த்துங்கள். கூலி கொடுத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். காவலர்களுக்கும் அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். புதிய கட்டடம் எதுவும் வேண்டாம்.

அது நடக்கும் வரை நாமே அந்த வாரத்தை அமைத்துக்கொள்ளலாம். பஞ்சாங்கத்தில் கொடியேற்ற நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.